பீடம் எங்களிடம் இருக்கிறது
கடல் கடந்த ஓர் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் குழுவுக்குத் திறந்த மடல்

அறங்காவலர்களுக்கு,

உங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருந்து வந்த பதில், மொத்தம் மூன்று பத்தி. உங்களிடம் உள்ள சிவகாமி அம்மன் செப்புத் திருமேனி நல்லெண்ணத்தோடு வாங்கப்பட்டது. அது எங்கள் கோயிலுக்குரியது என்பதற்குப் புகைப்படமோ போதிய ஆவணமோ நாங்கள் தரவில்லை. 1960-களிலேயே அது ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பில் இருந்ததாக உங்கள் பதிவு சொல்கிறது. ஆகவே கோரிக்கையை மேற்கொண்டு பரிசீலிப்பதற்கில்லை.

இதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. இன்னொரு கடிதம் போட்டால் இன்னொரு மூன்று பத்தி வரும். அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. உங்களைப் போன்ற குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன, இதே மூன்று பத்தியைப் பல ஊர்களுக்கும் அனுப்புகின்றன.

என் ஊர் காவிரிக் கடைமடையில் இருக்கிறது. அப்பா அந்த ஊர்ச் சிவன் கோயிலின் மெய்க்காவல். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, வருஷத்துக்கு இத்தனை கலம் நெல், தினம் ஒரு பட்டை சோறு. நான் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். கலை வரலாறு படித்தவள் அல்ல. பதிவேடு, வவுச்சர், இருப்பு, தணிக்கை, இவைதான் எனக்குத் தெரிந்தவை. அதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

1969 மார்கழி. திருவாதிரை முடிந்து ஒரு வாரம். எனக்கு ஒன்பது வயது. நல்ல பனி. திருடர்கள் மடப்பள்ளி ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறார்கள். முதலில் நடராஜரைத்தான் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். கனம் தாங்கவில்லை. அரை அடி இழுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள், அந்தக் கீறல் சபையின் கல் தரையில் இன்றைக்கும் இருக்கிறது. அப்புறம் பக்கத்தில் நின்ற அம்பாளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்பாள் நின்ற சதுரமான பத்ரபீடம் மட்டும் அங்கேயே இருந்தது. நெம்பிய வேகத்தில் அம்பாளின் தாமரைப் பீடத்தில் பின்பக்கத்து இதழ் ஒன்று உடைந்து, கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு செப்புத் துண்டு அந்தச் சதுரப் பீடத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. காலையில் குருக்கள் மாமாதான் அதைப் பார்த்தார். ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வைத்தார். சிமிழ் இப்போது அவர் பேரனிடம் இருக்கிறது.

அப்பாவை விசாரணைக்கு அழைத்துப் போய் மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா ஒத்தடம் கொடுத்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன் பிறகும் இருபத்தாறு வருஷம் அதே கோயிலைத்தான் காத்தார். ஊரில் சண்டை என்று வந்தால் எவனாவது ஒருவன் "சாமியைப் பறிகொடுத்த காவக்காரன்தானே" என்பான். உங்கள் காட்சிக் கூடத்தின் விளக்க அட்டையில் அந்த அம்பாளின் இடுப்பு வளைவைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரியும் இருக்க வழியில்லை, உங்களுக்குத் தெரியாதே. அதனால் சொன்னேன்.

சரி, சான்றுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்பது புகைப்படம். எங்களிடம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு அனுப்பியும் இருக்கிறோம். 1964 திருவாதிரையன்று கும்பகோணத்திலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் எடுத்தது. நடராஜரும் அம்பாளும் புறப்பாட்டுக்குத் தயாராக நிற்கிறார்கள். அம்பாளுக்கு அரக்குப் பட்டுப் புடவை, கழுத்து மறைய மாலை, தலையில் பூச்சூட்டு. தெரிவது முகம் மட்டும், அதுவும் புளியங்கொட்டை அளவு. உங்கள் நிபுணர் அதைப் பார்த்துவிட்டு "அடையாளம் காணப் போதாது" என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், போதாது. ஆனால் நாங்கள் வேறு எப்படிப் படம் எடுத்திருப்போம் என்று எதிர்பார்த்தீர்கள்? அம்பாளை உடுத்தாமல் வெளியில் காட்டுகிற வழக்கமே எங்களிடம் இல்லை. அபிஷேகத்தின்போதுகூட திரை போட்டுத்தான் துணி மாற்றுவார்கள். வழிபாட்டில் இருக்கிற தெய்வத்தின் வெற்றுத் திருமேனியைப் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் நின்று படம் பிடிப்பவர்கள் இரண்டே வகை: ஆராய்ச்சிக்காரர்கள், அல்லது விற்கப் போகிறவர்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்த ஊர்களுக்கு அதிர்ஷ்டம். 1956-லிருந்து புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த சாமிகளில் பலரும் அந்தப் படப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை 1978-ல் திருடு போனார்கள். 1958-ல் எடுத்த படம் இருந்ததால் 2020-ல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். எங்கள் பக்கத்து ஊர் வரைக்கும் அவர்கள் வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு வர வாய்க்கால் தாண்ட வேண்டும், அந்த மழைக்காலத்தில் பாலம் உடைந்து கிடந்ததாம். ஒரு மூங்கில் பாலம் உடைந்ததால் எங்கள் அம்பாளுக்கு நியாயம் இல்லை என்று ஆகிவிட முடியுமா?

உங்கள் பதில் உண்மையில் சொல்வது அதைத்தான். படம் பிடிக்கப்பட்ட சாமிக்கு வீடு திரும்ப உரிமை உண்டு, படம் பிடிக்கப்படாத சாமி வந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இது உங்கள் குழு மட்டும் கண்டுபிடித்த விதி இல்லை என்பது எனக்குத் தெரியும். 1970-ன் யுனெஸ்கோ உடன்படிக்கையைத் தமிழில் யாரோ மொழிபெயர்த்துக் கொடுக்க, உட்கார்ந்து படித்தேன். அதன் ஏழாவது பிரிவு, அருங்காட்சியகத்திலிருந்தோ சமய நினைவுச்சின்னத்திலிருந்தோ திருடப்பட்ட பொருளை வாங்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பொருள் அந்த இடத்தின் இருப்புப் பட்டியலில் ஏறியதாக ஆவணம் இருக்க வேண்டும். திருப்பிக் கேட்கிற நாடு சான்றுகளைத் தன் செலவில் திரட்டித் தர வேண்டும். தெரியாமல் வாங்கியவருக்கு நியாயமான இழப்பீடும் கொடுக்க வேண்டும். திருட்டுக் கொடுத்தவன் செலவு செய்து நிரூபித்து, திருட்டுப் பொருளை வைத்திருப்பவனுக்குக் காசும் கொடுத்து மீட்க வேண்டும்! எங்கள் சங்கத்தில் இப்படி ஒரு விதியை எழுதியிருந்தால் உரம் ஒரு மூட்டை மிஞ்சியிருக்காது.

கணக்கில் இதைத் தலைகீழாகத்தான் பார்ப்போம். தணிக்கைக்கு வருகிறவர் கோடவுனில் மூட்டைகளை எண்ணுகிறார். பதிவேட்டில் 240, எண்ணினால் 241. அந்த ஒரு மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவர் என்னைத்தான் கேட்பார். மாவட்டத்தில் எந்த விவசாயி ஒரு மூட்டையைத் தொலைத்தான், அவன் ரசீதோடு வரட்டும், அதுவரை மூட்டை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல மாட்டார். கையில் வைத்திருப்பவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 1995-ல் வந்த யுனிட்ராய்ட் உடன்படிக்கை ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. திருட்டுப் பொருளை வைத்திருப்பவர் திருப்பித் தர வேண்டும், வாங்கும்போது தீர விசாரித்தேன் என்று அவரே நிரூபித்தால்தான் இழப்பீடு. அதில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. அந்தக் கோபம் எனக்கு டெல்லியோடு, அது தனிக் கடிதம்.

இப்போது உங்கள் கணக்கைக் கேட்கிறேன். 1972-ல் ஒரு வியாபாரியிடம் வாங்கினீர்கள். அதற்கு முன்னால் "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960-கள்". அவ்வளவுதான். சேகரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு பில் இல்லை. எங்கள் 1964 படத்தைப் போதாது என்று ஒதுக்கிய அதே நிபுணருக்கு இந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

காகிதம் எப்படித் தயாராகும் என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியது. டெல்லியில் வேலை பார்த்த ஒரு சூடான் நாட்டு அதிகாரி வாங்கியது, 1971-க்குள் இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று அதற்குக் கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. ஆனால் அதே நடராஜர் 1994-லும் ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே நிற்கிற படம் புதுச்சேரியில் இருந்தது. காகிதப்படி கடல் தாண்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆன சாமி, கோயிலில் வௌவால்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இன்னொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-ல் பத்து வருஷத் தண்டனை கொடுத்தது.

அந்தப் படம் மட்டும் இல்லை என்றால்? சூடான் அதிகாரியின் காகிதம் இன்றைக்கும் சத்திய வாக்காக இருந்திருக்கும்.

உங்கள் காகிதம் உண்மையானால் உங்களிடம் இருப்பது எங்கள் அம்பாள் இல்லை. 1969 கடைசி வாரம் வரை அவள் எங்கள் ஊரில் இருந்தாள், நானே பார்த்திருக்கிறேன். அவள்தான் என்றால் உங்கள் காகிதம் பொய். இரண்டில் ஒன்று. உங்களிடம் இருப்பது எங்கள் அம்பாள்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சோழ நாட்டில் இந்த உயரத்தில், வலக் கையில் பூப்பிடிக்கும் பாவமும் இடக் கை தொங்கலுமாக எத்தனையோ அம்பாள்கள் உண்டு. கோயில் சொத்துப் பதிவேட்டில் "உலோக அம்மன் 1, உயரம் சுமார் இரண்டே கால் அடி" என்று இருக்கிறது. உங்கள் பட்டியலில் 68 சென்டிமீட்டர். ஒத்துப்போகிறது, ஆனால் அது மட்டும் நிரூபணம் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விரல் இருக்கிறதே. எங்கள் தாத்தா காலத்தில் ஒரு திருவாதிரைப் புறப்பாட்டில் பல்லக்கு சாய்ந்து, அம்பாளின் தொங்கும் இடக் கையில் சுண்டு விரல் நுனி ஒடிந்துபோனது. விரல் நுனிக்குக் குற்றமில்லை, பூஜை நடக்கலாம் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அலங்காரம் செய்யும்போதெல்லாம் அந்த விரலில் ஒரு துண்டு மல்லிகைச் சரம் சுற்றுவார்கள். சின்ன வயதில் அந்தச் சரம் எனக்குக் கிடைக்கும், பிரசாதமாக. உங்கள் பட்டியலின் கடைசி வரியில் "இடக் கைச் சிறுவிரல் நுனி சிதைந்துள்ளது" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே படிக்கப் போன என் தங்கை மகன் அதைப் போனில் படித்துச் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவன் அனுப்பிய படங்களில் முன்பக்கம் இருக்கிறது, கொஞ்சம் பக்கவாட்டும் இருக்கிறது. பின்பக்கம் சுவர். தாமரைப் பீடத்தின் பின் இதழ் முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று உங்கள் காவலாளி ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

படம் இல்லாமலே தீர்ப்பு வந்த வழக்கும் உண்டு, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம், லண்டன் நீதிமன்றத்திலேயே. பத்தூர் நடராஜரை யாரும் படம் எடுத்திருக்க முடியாது, பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்தவர். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி குழி தோண்டும்போது கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டன் போனார். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் லண்டன் போலீஸ் பிடித்தது. வழக்கில் உலோகம் தெரிந்தவர்களும் மண் தெரிந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். பத்தூரில் அவரோடு கிடைத்த சிலைகளையும் அவரையும் ஒப்பிட்டு, ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூடப் பார்த்தார்கள். இடிந்து கிடந்த அந்தக் கோயிலுக்கே வழக்காடும் உரிமை உண்டு என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, நடராஜர் நாடு திரும்பினார். கரையானை சாட்சிக்கு அழைத்த நாட்டில் எங்கள் சிமிழிலிருக்கும் செப்புத் துண்டுக்கு இடமில்லையா?

1970 உடன்படிக்கைக்கு முன்பே வெளியே போன பொருள், அதனால் அந்த விதி பொருந்தாது என்ற வாதத்துக்கும் ஒரு பதில். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திருமங்கையாழ்வார் சிலையை 1967-ல் சதபீஸ் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோயிலில் 1957-ல் எடுத்த படத்தோடு அது ஒத்துப்போவதை ஓர் ஆய்வாளர் சுட்டிக் காட்டியதும், 2019-ல் அந்த அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதித் தெரிவித்தது. 2024 மார்ச்சில் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 1967 எங்கே, 1970 எங்கே? ஆண்டு கணக்கு அவர்களைத் தடுக்கவில்லை. தவிர, தொல்பொருள்களை உரிமம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இந்தியாவில் 1947-லேயே சட்டம் வந்துவிட்டது. அறுபதுகளில் வெளியேறியது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றுமதி உரிமம் எங்கே? நாங்கள் தராத படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிய நீங்கள், உங்களிடம் இல்லாத உரிமத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

நீங்கள் மரியாதைக்காகக் கேட்காமல் விட்ட ஒன்றை நானே கேட்டுவிடுகிறேன். திருப்பிக் கொடுத்தால் மட்டும் பூஜை நடக்குமா, மீட்ட சிலைகளை வைக்கும் அரசுப் பாதுகாப்பு மையத்தின் கம்பிக் கதவுக்குப் பின்னால்தானே வைப்பீர்கள்? ஆமாம், அது நடக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராஜரே நாடு திரும்பிய பிறகும் நேரே தன் கோயிலுக்குப் போகவில்லை, வழக்குச் சொத்தாகக் கும்பகோணத்தில் பாதுகாப்பில் வைக்கப்பட்டார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களை வைத்துக்கொண்டு ஒழுங்கான படப் பட்டியல் போடாமல் இத்தனை காலம் இருந்தது எங்கள் பக்கத்துத் தவறு. எங்கள் ஊர்ப் புகாரின் நகலைக் கேட்டுப் போனால், பழைய கட்டுகள் எல்லாம் செல்லரித்துவிட்டன என்றார்கள். இதற்கெல்லாம் நாங்கள் எங்கள் ஆட்களோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், போடுவோம். என் வீட்டுப் பூட்டு சரியில்லை என்பதால் என் வீட்டுப் பொருள் உங்களுடையது ஆகிவிடாது.

அறங்காவலர் என்ற சொல்லை எங்கள் ஊரில் கோயில் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்வோம். உங்கள் பதவியையும் தமிழில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் கீழே உள்ளவற்றைக் கேட்கிறேன்.

முதலில், தாமரைப் பீடத்தின் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் இடக் கை விரலையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வேறு எதற்கும் முன்னால் இது. இதற்கு உங்கள் வக்கீலைக் கேட்க வேண்டியதில்லை.

பத்ரபீடத்தின் அச்சையும் செப்புத் துண்டின் அச்சையும் எடுத்து அனுப்ப நாங்கள் தயார். உங்கள் ஆட்களே இங்கு வந்து எடுத்தாலும் சரி, தங்க இடமும் சாப்பாடும் ஊர் பார்த்துக்கொள்ளும். செப்புத் துண்டின் உலோகக் கலவையை உங்கள் சிலையின் கலவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். எங்கள் அம்பாள் இல்லை என்று வந்தால் நானே இன்னொரு திறந்த மடல் எழுதி ஒப்புக்கொள்வேன்.

1972-ல் வாங்கிய பில், வியாபாரியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இந்திய ஏற்றுமதி உரிமம், இந்த மூன்றின் நகலும் வேண்டும். இல்லாததை இல்லை என்று எழுத்தில் தாருங்கள்.

உங்களிடம் உள்ள மற்ற தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கும் இதே விவரத்தைப் பொதுவில் வையுங்கள். எங்களைப் போல் இன்னும் எத்தனையோ ஊர்களில் பீடம் மட்டும் இருக்கிறது.

உரியவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உங்கள் விதியை மாற்றுங்கள். அடி வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2021-ல் அதைச் செய்தது. திருடப்பட்டதாகவோ சட்டவிரோதமாக வெளியேறியதாகவோ இருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தாலே திருப்பித் தர நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்து, 14 பொருள்களைத் தர முன்வந்தது. அதே அளவுகோல் உங்களுக்கும் போதும்.

இந்த வருஷத் திருவாதிரைக்குள் அந்த முதல் படம் வேண்டும். குருக்கள் மாமாவின் பேரன் சிமிழை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். டார்ச் வாங்கக் காசு வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மெய்க்காவலின் மகள்